ஒன்றும் மாறவில்லை என்று சொன்னவள்

போன மாதம் கீர்த்தனா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது கோட்டிங் பிரிவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டவள் அவள். "அக்கா, புது லைன் வந்துருச்சுங்க. கழுவறது, காய வைக்கறது, மருந்து பூசறது எல்லாமே மூடின பெட்டிக்குள்ளயே முடிஞ்சுருது. இனிமேல் துணியே கெடையாதுங்க" என்றாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், பழைய விதிமுறைகளில் துணிக்கு மட்டும் ஏன் இரண்டு பக்கம் இருக்கிறது என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம். அந்த விதி வரக் காரணமான சம்பவம் நடந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அவளே வேலைக்குச் சேர்ந்தாள். அதனால் அவளுக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள், பயிற்சிப் புத்தகத்தில் சேர்த்துக்கொள்கிறோம் என்றாள்.

"நடந்ததை எழுதட்டுமா, காலண்டர்ல போடற மாதிரி நாலு நல்ல வார்த்தை எழுதட்டுமா?" என்று கேட்டேன். அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணியே கிடையாது என்று அவள் சொன்னது காதிலேயே நின்றது. நடந்ததையே எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

என் பெயர் ரோஸ்லின். குடியிருப்பது சோமனூரில். அப்பாவும் அம்மாவும் தோட்டத்து வேலைக்குப் போய் என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தார்கள். பதினெட்டு வயதில் கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு பிளேட்டிங் பட்டறையில் சேர்ந்தேன். பம்பு பாகங்களுக்கும் தண்ணீர்க் குழாய்களுக்கும் நிக்கல், குரோம் ஏற்றுகிற இடம். அங்கே பதினோரு வருடம். ஆசிட் தெறித்து ஓட்டை விழாத சேலை அந்தக் காலத்தில் என்னிடம் ஒன்றுகூட இருந்ததில்லை. அங்கே கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: மேலே எதைப் பூசினாலும், அடியில் அழுக்கிருந்தால் ஒட்டாது.

கற்றுக்கொள்ளாமலே கையோடு வந்தது ஒன்றும் உண்டு. பனியன் வேஸ்ட். திருப்பூரில் பனியன் வெட்டி மிஞ்சுகிற துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கோயமுத்தூர்ப் பட்டறைகளுக்கு வரும். லேத் ஓட்டுகிறவர், வெல்டிங் வைக்கிறவர், மோட்டார் சுற்றுகிறவர் என்று யாரைப் பார்த்தாலும் இடுப்பிலோ பையிலோ ஒரு துண்டு தொங்கும். கை துடைக்க அதுதான், மெஷின் துடைக்க அதுதான், சூடான டீ கிளாஸைப் பிடிக்கவும் அதுதான். ஸ்டோரில் போல்ட்டுக்குக் கணக்கு உண்டு, வேஸ்ட்டுக்குக் கிடையாது. அதை யாரும் ஒரு பொருளாகவே நினைப்பதில்லை.

பிறகு சூலூர் தாண்டி இருக்கும் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். எலும்பு முறிந்தவர்களுக்கு உடம்புக்குள் வைக்கிற டைட்டானியம் பாகங்கள் செய்கிற கம்பெனி. அதில் முக்கியமானது நெயில். பெயர்தான் நெயில், ஆணி மாதிரி இருக்காது. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை எலும்பின் நடுக்குழிக்குள் இறக்குகிற நீளமான கம்பி. டூவீலரில் போய் லாரியில் மோதி, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்து, ரோட்டு மண்ணெல்லாம் காயத்துக்குள் ஏறிய கால்களுக்கு வெறும் கம்பியைப் போட்டால் சீழ் பிடிக்கும். அதனால் அந்தக் கம்பியின் மேல் கிருமியைக் கொல்லும் மருந்தை, உடம்பிலேயே கரைந்துபோகிற ஒரு பாலிமரில் கலந்து பூசுவோம். தலைமுடியைவிட மெல்லிய பூச்சு. அது சில வாரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, எலும்பைச் சுற்றிக் காவல் நிற்கும். பூச்சு உரிந்தால் காவலும் போச்சு.

எங்கள் தரப்பிரிவுக்குத் தலைவர் இஸ்மாயில் சார். கோயமுத்தூர்க் கோட்டைமேட்டுக்காரர். அவருடைய அப்பா பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர். "எங்கத்தா புளியும் சாம்பலும் போட்டுத் தேச்ச தேய்ப்புல பாதிகூட நீங்க தேய்க்கறதில்லைங்க" என்று எங்களைக் கேலி செய்வார். குரலை உயர்த்த மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்பார். அவ்வளவுதான், செய்ததை நாமே மறுபடி செய்து பார்ப்போம்.

நான் சேர்ந்த முதல் வாரம் தண்ணீர்ச் சோதனையில் நின்றேன். ஆசிட்டில் சுத்தம் செய்த நெயிலைச் சுத்திகரித்த தண்ணீரில் முக்கி, மெல்லத் தூக்கி, சாய்த்துப் பிடிக்க வேண்டும். உலோகம் சுத்தமாக இருந்தால் தண்ணீர் கிழியாமல் ஒரே படலமாக நிற்கும். இம்மி எண்ணெய்ப் பசை இருந்தாலும் அந்த இடத்தில் படலம் விலகி, தண்ணீர் முத்து முத்தாகத் திரளும். முப்பது எண்ணும் வரை விலகக் கூடாது. நான் இருபது எண்ணிவிட்டு, "சுத்தமா இருக்குதுங்க சார்" என்றேன்.

"ஏனுங்க அம்மணி, பாத்தீங்களா, இல்ல நெனச்சீங்களா?" என்று கேட்டார்.

நெயிலை மறுபடி முக்கச் சொல்லி, தானே வாய்விட்டு நிதானமாக எண்ணினார். இருபத்தாறில் படலம் கிழிந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று கணக்கே இல்லை. சாப்பிட்டேன் என்றால்கூடக் கேட்பார். அந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவள் என்று எனக்கு ஒரு பெயர் வந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

ஓய்வு பெற ஐந்து வருடம் இருக்கும்போது அந்தப் படம் வந்தது. கோயமுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் எலும்பு டாக்டரம்மா அனுப்பியது. ஆபரேஷனில் ஒரு நெயிலைப் பாதி இறக்கியிருக்கிறார். அளவு சரியில்லை என்று வெளியே எடுத்திருக்கிறார். எடுத்த கம்பியின் கீழ் முனையில், ஸ்க்ரூ போடுகிற துளையைச் சுற்றி, எங்கள் பூச்சு வெங்காயத் தோல் மாதிரி சுருண்டு தொங்கியது. இஸ்மாயில் சார் கம்ப்யூட்டரில் அதைப் பெரிதாக்கிக் காட்டினார். அறையில் ஆறு பேர் இருந்தோம். நான் பூசிய எதுவும் அப்படி உரிந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

பேட்ச் நம்பரைத் தேடி எடுத்தோம். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் செய்தது. பதிவேட்டில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர்ச் சோதனை சரி. பூச்சின் கனம் சரி. ஒவ்வொரு பேட்ச்சோடும் ஒரு தட்டையான டைட்டானியத் தகட்டை டெஸ்ட் பீஸாகச் சேர்த்துப் பூசி, அதில் டேப்பை ஒட்டிப் பிய்த்துப் பார்ப்போம். அதிலும் துளிகூட உரியவில்லை.

இஸ்மாயில் சார் என்னை எதிரில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த மாதத்தில் என்ன மாறியது? தண்ணீர்? இல்லைங்க. ஆசிட்? இல்லைங்க. ஸ்பிரிட்? அதே கம்பெனிதானுங்க. கிளவுஸ், சோப்பு, ஆள், ஒருத்தராவது புதுத் தலையெண்ணெய்? இல்லைங்க சார்.

"துணி?"

"அதே சீல் பாக்கெட் துணிதானுங்க சார்."

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"பாத்தனுங்க சார். ஒண்ணும் மாறலைங்க."

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். இதைப் படிக்கிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நான் பொய் சொல்லவில்லை. பைபிளில் கை வைத்துச் சொல்லச் சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். டிபன் கேரியர் மூடியைத் துடைத்து வைத்தேன். ஓரத்தில் சோப்பு இருப்பது தெரிந்து மறுபடி குழாயில் காட்டினேன். தண்ணீர் மூடியின் மேல் படலமாக நிற்கவில்லை. முத்து முத்தாகத் திரண்டு உருண்டது.

இருபது வருடமாக அந்த முத்தைத் தேடிய கண் அது, ஏமாறாது. சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் படலமாக நின்றது. துணியால் துடைத்தேன். மறுபடி தண்ணீர் காட்டினேன். முத்து. இன்னொரு தடவை செய்தேன். முத்து. அப்போதுதான் கையில் இருந்த துணியைக் குனிந்து பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று, தொட்டால் பூ மாதிரி இருக்கிற ஒரு பனியன் துண்டு.

குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை.

நெயிலின் இரண்டு முனையிலும் ஸ்க்ரூத் துளைகள் உண்டு. தண்ணீர்ச் சோதனை முடிந்து சூடான காற்றில் காய வைத்தாலும் துளை விளிம்பில் ஒரு சொட்டு நின்று கறையாகிவிடும். அதனால் பூச்சுக்கு முன் ஸ்பிரிட்டில் நனைத்த, நார் விடாத துணியால் துளையைச் சுற்றி ஒரு துடைப்பு. விதிமுறையிலேயே உள்ளதுதான். அந்தத் துணி வெளிநாட்டிலிருந்து சீல் பாக்கெட்டில் வரும். அந்த மழைக்காலத்தில் அது வரத் தாமதமானது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றார்கள். துணி இல்லை, வேலையை நிறுத்துகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. துணி இல்லாமல் எந்தப் பட்டறையாவது நின்றிருக்கிறதா?

என் மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு ஒரு கட்டு வெள்ளைத் துண்டு கொண்டுவந்து போட்டிருந்தாள். ஏற்றுமதிச் சரக்கில் மிஞ்சியது, புத்தம் புதிது. அதை மூன்று தடவை கொதிக்க வைத்து, கம்பெனியின் சுத்திகரித்த தண்ணீரில் அலசி, அயர்ன் செய்து, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒரு நார் கிடையாது. வெளிநாட்டுத் துணியைவிட வெள்ளை. சதுரம் சதுரமாக வெட்டி, சீல் பாக்கெட் துணி வைக்கிற அதே டப்பாவில் அடுக்கி வைத்தேன். மூன்று வாரம் அதில்தான் துடைத்தோம். பிறகு சீல் பாக்கெட் வந்துவிட்டது. மிச்சத் துண்டு என் சமையலறைக்குத் திரும்பியது. நான் அதை எங்கும் எழுதவில்லை. மறைத்ததனால் எழுதாமல் விடவில்லை. பனியன் வேஸ்ட்டை யாராவது எழுதுவார்களா?

மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அந்தத் துணி ஏம்மா அவ்வளவு மெத்துனு இருக்குது?"

"கடைசில சாஃப்ட்னர் குடுப்பாங்கம்மா. சிலிக்கான் சாஃப்ட்னர். எத்தனை தடவை தொவச்சாலும் போகாது, அதுக்குத்தான் வெளிநாட்டுக்காரங்க கேக்கறாங்க. ஏம்மா?" என்றாள்.

சும்மாதான் என்று சொல்லிப் போனை வைத்தேன். சிலிக்கான் பட்ட இடத்தில் எந்தப் பூச்சும் ஒட்டாது என்பது பெயின்ட் அடிக்கிற பையனுக்குக்கூடத் தெரியும். வெந்நீருக்குப் போகாத அந்தப் பசை, வெறுமனே துடைத்தாலே கொஞ்சம் ஒட்டுகிறது; ஸ்பிரிட் பட்டதும் துணியிலிருந்து கசிந்து உலோகத்துக்குப் போயிருக்கிறது. நான் சுத்தத்தின் மேல் சுத்தம் என்று செய்ததெல்லாம் அந்தப் பசையைத் துளையைச் சுற்றித் தடவிக் கொடுத்ததுதான். தண்ணீர்ச் சோதனை துடைப்புக்கு முன்னாலேயே முடிந்துவிடும். டெஸ்ட் பீஸ் தட்டைத் தகடு, அதில் துளையே கிடையாது, அதனால் அதை யாரும் துடைப்பதில்லை. கண்ணும் தப்பியது, சோதனையும் தப்பியது.

இஸ்மாயில் சாருக்குப் போன் செய்தேன். வார்த்தை கோவையாக வரவில்லை. "வாரனுங்க" என்று மட்டும் சொன்னார். மதியமே காரில் சோமனூர் வந்துவிட்டார். கையில் ஒரு டைட்டானியத் தகடும் ஒரு பாட்டில் ஸ்பிரிட்டும். என் சமையலறை மேடையில் வைத்துத் தகட்டைத் தண்ணீரில் முக்கினார். படலமாக நின்றது. காய வைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த என் துணியால் ஒரு ஓரத்தைத் துடைத்தார். மறுபடி முக்கித் தூக்கினார். எண்ணத் தேவையே இருக்கவில்லை. துடைத்த ஓரத்தில் தண்ணீர் அப்போதே சுருங்கி ஓடியது.

நான் அழுதுகொண்டிருந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்றும் இருந்தது. அவர் அந்தத் துணியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேடையில் வைத்தார்.

"அம்மணி, மழை பேஞ்சுட்டிருந்த ஒரு நாள். மாஸ்க் போட்டு என் கண்ணாடி ஆவி புடிச்சுது. நீங்க ஒரு துணி குடுத்தீங்க. நல்லா பூவாட்ட இருக்குதுங்களே, எங்க வாங்குனாங்கன்னு கேட்டேன். ஊட்டுல வேக வெச்சு எடுத்ததுன்னீங்க. உங்க ஊட்டுத் துணின்னா சுத்தமாத்தான் இருக்கும்னுபோட்டு அதையே பையில வெச்சுட்டுப் போனேன்."

எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"தொழுகைக்கு முன்னால மொகம் கழுவறப்ப, கண்ணாடியில தண்ணி முத்து முத்தா தெரளுது. நாலஞ்சு நாளு பாத்தனுங்க. தண்ணி நிக்காம உருண்டு ஓடுது, பரவால்லையேன்னு சந்தோசமா இருந்துச்சு." மேடையில் வைத்த கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "உங்களை வருசமெல்லாம் கேட்டனே, பாத்தீங்களா நெனச்சீங்களான்னு. நான் பாத்தனுங்க அம்மணி. நெனைக்கத்தான் இல்ல."

தண்ணீர் முத்தைக் கண்டால் வேலையை நிறுத்து என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த மனிதர், அதை மூக்கின் மேலேயே வைத்துக்கொண்டு தொழிற்சாலைக்குள் நடந்திருக்கிறார். இதை நம்ப எனக்குப் பல நாள் ஆனது.

திங்கட்கிழமை காலை முதலாளியிடம் போனோம். அவருக்கும் அதிர்ச்சிதான். "சப்ளையர் துணியில கோளாறுன்னு போட்டு நெயிலைத் திருப்பி எடுத்துக்கலாமுங்களே, சார்? பேரெல்லாம் எதுக்கு?" என்றார்.

"இல்லாத சப்ளையரை எங்கீங்க போய்த் தேடறது? நடந்ததைச் சொல்லித்தானுங்க ஆகணும். கால் அவங்களுதுங்க" என்றார் இஸ்மாயில் சார்.

அறிக்கையில் முதலில் தன் பெயரை எழுதினார், கீழே என் பெயரை. வரிசை மாறியிருக்கிறது என்றேன். மாறவில்லை என்றார்.

அந்த மூன்று வாரத்து நெயில்களில் பெரும்பாலானவை விற்பனையாளர்களிடமே இருந்தன. இரண்டு நாளில் திரும்பி வந்தன. பதினொன்று மட்டும் கால்களுக்குள் போயிருந்தன. ஒவ்வொரு டாக்டரையும் இஸ்மாயில் சார் தானே கூப்பிட்டார். அவர் பேசப் பேச நான் பட்டியலில் டிக் அடித்தேன். பத்துக் கால்களுக்கு ஒன்றுமில்லை, எலும்பு கூடிவிட்டது, பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒவ்வொரு டிக்குக்கும் ஏசுவே என்பேன். பதினோராவது போன், படம் அனுப்பிய அதே டாக்டரம்மாவுக்கு. நம்பரைக் கேட்டதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"பல்லடம் பக்கம் முட்டை வண்டி ஓட்டறவர். ஒரு மாசத்துல சீழ் வெச்சு, அந்த நெயிலை நானே வெளிய எடுத்தேன். வெளியிலிருந்து வந்த கிருமின்னு நெனச்சேன்" என்றார்.

நாங்கள் அவரை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டோம். டாக்டரம்மா அவரிடம் கேட்டுவிட்டுச் சொன்னார்: கம்பி செய்தவர்கள் பார்க்க வேண்டும் என்கிறார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், மற்றதை நீங்களே சொல்லுங்கள். செலவையெல்லாம் கம்பெனி ஏற்றுக்கொள்ளும் என்று முதலாளி கடிதம் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு போனோம்.

பக்கத்து ஷெட்டில் தறி ஓடுகிற சத்தம் கேட்கும் ஓட்டு வீடு. அவர் பெயர் செல்வகுமார், முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டிலில் படுத்திருந்தார். காலைச் சுற்றி இரும்பு வளையங்கள், வளையத்திலிருந்து கம்பிகள் தோலுக்குள் போயிருந்தன. கால் பிழைத்துவிட்டது, ஆனால் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவர் மனைவி தேவி எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவருக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்தவள், கட்டிலுக்குப் போகாமல் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு விலகி நின்றாள். அவர் எட்டி எடுத்துக் குடித்தார். அப்போது எனக்கு அது ஒன்றும் தோன்றவில்லை.

இஸ்மாயில் சார் ஆரம்பித்தார். அவர் பேச்சை நிறுத்தி, "நான் சொல்றனுங்க சார்" என்றேன். துணி, சிலிக்கான், துளை, எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் காலுக்குள் போன கம்பியில் மருந்து ஒட்டாமல் போனது என்னால்தான், கம்பியை அடித்து இறக்கும்போதே அது உரிந்திருக்கும், அதனால்தான் சீழ் வைத்தது என்றேன். மன்னிப்புக் கேட்டேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன்.

செல்வகுமார் திட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அவர் பார்த்தது கதவோரம் நின்ற தேவியை. பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப என் கை இல்லீங்களா?" என்றாள் தேவி.

எனக்குப் புரியவில்லை. "என்னதுங்க அம்மணி?" என்றேன்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் மொத ஒரு மாசம் கட்டு மாத்துனது நானுங்க. கிருமி வெளிய இருந்து போயிருக்குதுன்னு டாக்டர் சொன்னாங்க. அப்ப இருந்து எங்கத்தை என்னை இவர் பக்கத்துல உடறதில்லீங்க. இவ கைதான் எம்பையன் காலை அழுக வெச்சுதுன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டாங்க. இவரும் ஒண்ணும் சொல்லலைங்க." அழாமல்தான் சொன்னாள். "நானும் அப்பிடித்தான் நெனச்சுட்டு இருந்தனுங்க."

கையை நீட்டிக் காட்டினாள். சோப்பும் டெட்டாலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை வெடித்து, விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. உரிந்த பூச்சின் படத்தைப் பார்த்தபோது அதிர்ந்தேன், டிபன் மூடியைப் பார்த்தபோது அதிர்ந்தேன். அதெல்லாம் இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பதினோரு கால் என்று எண்ணி டிக் அடித்தவள் நான். இந்தக் கை எங்கள் பட்டியலில் இல்லவே இல்லை.

"எங்கத்தைகிட்ட இதை ஒருக்கா சொல்லிப்போட்டுப் போறீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டாங்க" என்றாள்.

புழக்கடையில் அந்த அம்மா கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் கீழே உட்கார்ந்தேன். "ஏனுங்கம்மா, உங்க பையன் கால் சீழ் வெச்சதுக்கு உங்க மருமக கை காரணம் இல்லீங்க. கம்பியைத் துடைச்சது நானுங்க. என் கைங்க" என்றேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.

அந்த அம்மா உரிப்பதை நிறுத்தி என்னையே பார்த்தார். "நெசமா? நீங்க கண்ணுல பாத்தீங்களா?"

"பாத்தனுங்க" என்றேன். பின்னால் நின்றிருந்த இஸ்மாயில் சார், "நானும் பாத்தனுங்க" என்றார்.

அந்த அம்மா கையிலிருந்த கடலைக்காயைக் கீழே போட்டார். பிறகு மடியிலிருந்த தோலை உதறிவிட்டு எழுந்து உள்ளே போனார். அலமாரியிலிருந்து பஞ்சும் மருந்தும் வைத்திருந்த தட்டை எடுத்தார். தேவியின் முகத்தைப் பார்க்காமல், "இந்தா, கட்டு மாத்தற நேரமாச்சு. நீயே மாத்து" என்று நீட்டினார்.

தேவி தட்டை வாங்கவில்லை. "கை கழுவிட்டு வாரனுங்க" என்று சொல்லிப் பின்பக்கம் போனாள். குழாய் திறந்த சத்தம் கேட்டது. சோப்பு டப்பா திறந்த சத்தமும் கேட்டது. செல்வகுமார் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா தட்டைப் பிடித்தபடி நின்றார். நாங்கள் சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்து, செருப்பைப் போட்டு, காரில் ஏறிக் கதவைச் சாத்தும் வரை அந்தக் குழாய் நிற்கவில்லை.